ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

"உங்கள் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?"

எங்களை இப்படிக் கேட்டவர் அஸ்ஸாமிலிருந்து வந்து காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஓர் அக்கா. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தமக்கையும் அங்கேதான் படிக்கிறார். ஒரு ஞாயிறன்று அவர் தம் விடுதித் தோழிகள் மூவரை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். நாங்கள் ஐந்து பேரும் கணக்குப் போடுவதற்காக அங்கே கூடியிருந்தோம். கேள்வி வந்ததும் ஐவரும் ஒரே குரலில், "பீச்!" என்றோம். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் வரவில்லை. "அதைத்தான் வாராவாரம் பார்க்கிறோமே!" என்று அவர்கள் சிரித்தார்கள். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு சொல்தான் நமக்குத் தெரியுமா என்று வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

புதுவைப் பல்கலைக்கழகம் 1985-ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இந்தப் பத்துக் கிலோமீட்டரில் ஒரு வேடிக்கை உண்டு. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே போய், காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரிக்குள் நுழைகிறோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் துண்டு துண்டாகக் கிடந்த எல்லை இன்றும் அப்படியே இருக்கிறது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது?

பல மாநிலங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் அந்த அக்காமார் சனி, ஞாயிறுகளில் நகருக்கு வருகிறார்கள். கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை நடை, ஓர் ஐஸ்கிரீம், மஞ்சள் சுவர் வீட்டுக்கு முன்னால் நின்று ஒரு படம், காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு துப்பட்டா, பிறகு திரும்பும் பஸ். இதைக் குறை சொல்ல நாங்கள் யார்? நாங்களும் அதையேதான் செய்கிறோம். ஆனால் இரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு போகும்போதும் ஊரைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்திருக்கும் என்றால் அது பரிதாபம் அன்றோ?

நகருக்குள்ளேயே பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. அவர் 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் இங்கே இருந்தார். 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம், 1836-இல் ஒளி ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் நடக்கிற தூரம்தான். ஆரோவில்லுக்குப் பலரும் போகிறார்கள். பொன்னிறக் கோளத்தைத் தூரத்திலிருந்து படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே பார்க்க வேண்டியவை மரங்களே என்பது எங்கள் கருத்து. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அது மழைநீர் அரித்த வெறும் செம்மண் மேடு. வரப்புப் போட்டு, நீரைத் தேக்கி, கையால் நட்டு வளர்த்த காடுதான் இன்று நாம் நிழலுக்கு ஒதுங்கும் காடு.

எல்லாவற்றிலும் எங்கள் மனம் அரிக்கமேட்டிலேயே நின்றுவிட்டது. நகருக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினார். அவருக்குப் பின் 1947 முதல் கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் தோண்டினார்கள். ரோமாபுரியோடு வாணிகம் செய்த துறைமுகம் என்று புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கிவிட்டோம். ஆனால் ஏன் இவ்வளவு பெயர் பெற்றது என்பதை இப்போதுதான் புரிந்துகொண்டோம். இத்தாலியில் செய்த முத்திரையிட்ட சிவப்புப் பாத்திரங்களின் காலம் அறிஞர்களுக்கு முன்பே தெரியும். அவற்றின் உடைந்த துண்டுகள் இங்கே கிடைத்த மண் அடுக்கில் நம் நாட்டுப் பானைகளின் துண்டுகளும் கிடந்தன. ஆகவே நம் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது! எங்கோ ஒரு குயவர் குத்திய முத்திரை, இங்கே ஒரு குயவரின் வயதைச் சொல்லிவிட்டது.

இதைப் படித்த ஜோரில், ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும், கடலூர் பஸ் ஏறி அரியாங்குப்பத்தில் இறங்கி நடந்தோம். துணைக்குத் தோழியின் அக்காவும், அஸ்ஸாம் அக்காவும், ஆயாவும் வந்தார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்: அங்கே கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். மாமரமும் தென்னையும், 18-ஆம் நூற்றாண்டில் குருமடமாக இருந்த கட்டிடத்தின் செங்கல் சுவர்களும், ஆறும்தான் உண்டு. "இதற்கா இவ்வளவு தூரம்?" என்று ஆயா உட்கார்ந்துவிட்டார். நாங்கள் செய்த தவறு, முதலில் செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்துக்குப் போகாதது. கிடைத்த மணிகளும் பானைத் துண்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த வாரம் போய்ப் பார்த்தோம். கடுகளவு கண்ணாடி மணி! அதில் நூல் கோப்பதற்கு ஓர் ஓட்டை! அதன் பிறகுதான் அந்த வெறும் ஆற்றங்கரை எங்கள் கண்ணுக்கு நிறைந்தது. வருகிறவர்கள் இந்த வரிசையில் பார்க்கவும்.

ஐந்து பேரில் அன்று வந்தவர்கள் மூவர்தாம். ஒருத்தியிடம், "பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு ஊர் சுற்றலா?" என்று அவள் அப்பா கேட்டுவிட்டார். இன்னொருத்தியின் வீட்டில் தேர்வைப் பற்றிப் பேச்சே இல்லை, "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்பதோடு முடிந்தது. அதே ஞாயிறு அவள் அண்ணன் நண்பனின் மோட்டார் சைக்கிளில் செஞ்சிக்குப் போய்வந்தான். அவனும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறவன்தான்.

பெற்றோரின் அச்சம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்து, கடலில் குளிக்க இறங்கி உயிரிழந்த மாணவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஆனால் அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆண் பிள்ளைகளாகத்தான் செய்திகளில் வருகிறார்கள். அதற்காக எந்த வீட்டிலும் அண்ணன்மாரைக் கட்டிப்போட்டதாகத் தெரியவில்லை. எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், எந்த பஸ்ஸில் திரும்புவோம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுக்கிறோம். அண்ணனிடமும் எழுதி வாங்குங்கள். கேட்பது அவ்வளவுதான். இன்று அரியாங்குப்பம் வரை தனியே போகத் தெரியாதவள், நாளைக்கு விடுதியில் தங்கிப் படிக்க அனுப்புங்கள் என்றால் எந்த அப்பா அனுப்புவார்? அஸ்ஸாம் அக்கா மூன்று நாள் ரயிலில் வந்தவர் என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

அடுத்து ஊசுட்டேரி. நகருக்கு மேற்கே இருக்கும் இந்தப் பெரிய ஏரியைப் புதுச்சேரி அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நவம்பருக்குப் பின் போனால் கூழைக்கடாவும் நாரையும் பார்க்கலாம் என்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்த ஞாயிறு என்று நாள் குறித்திருக்கிறோம். வராமல் போன இருவரில், அண்ணனை உடைய தோழியின் அம்மா போன வாரம் எங்களைக் கூப்பிட்டு, "பஸ்ஸில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கள்" என்றார். கலியாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருடம் ஆகிறதாம். அவரும் பீச் மட்டும்தான் பார்த்திருக்கிறாராம்.