பாட்டுக்காரனுக்குப் பெட்டிச் சாவி எதற்கு?

வீட்டுப் பாட்டுகளை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கலாம். செல்போனில் இருந்தபடியே பாடச் சொல்லலாம். இதற்கு லினக்சில் 'எம்.பி.டி.' என்ற இலவச புரோகிராம் இருக்கிறது.

ஆனால், தினமும் ஒருவர் கையால் இயக்கினால், அவர் ஊருக்குப் போன அன்று வீட்டில் பாட்டு இல்லை! 2010-ல் வந்த 'சிஸ்டம்டி'யிடம் அந்த வேலையை ஒப்படைப்பதே நல்லது. ஒரு முறை எழுதி வைத்தால் போதும். கரண்ட் போய் வந்து கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியதும், பாட்டுப் புரோகிராமையும் அதுவே எழுப்பி விடும். நடுவில் பழுதாகி நின்றாலும், மறுபடி ஓட வைக்கும்.

சிலர் அவசரத்தில் அதை 'ரூட்' என்ற எசமான் பெயரில் ஓட விடுகிறார்கள். இது தவறு! அதில் உள்ள ஓட்டை வழியே திருடன் புகுந்தால், கம்ப்யூட்டர் முழுவதும் அவன் கையில்! குடும்பப் படங்களும் கணக்கு வழக்குகளும் என்ன ஆவது?

அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள். பாட்டுகளைப் படிக்க மட்டும் அனுமதியுங்கள். பாட்டும் நிற்காது, வீடும் பத்திரம்!