தரவுத்தளப் பாடத்தில் தவறியவர் யார்?

புனேயை அடுத்த ஆகுர்டியில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒப்பந்த ஆசிரியராக இருந்தவாறே, தமிழ்நாட்டு அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வுக்குப் படிக்கும் கணினி அறிவியல் பட்டதாரியை எண்ணிப் பார்க்கலாம். இயக்க முறைமை, கணினி வலையமைப்பு, தரவுத்தளம் என இரவுகள் கழிகின்றன. பதிவான தரவை உரிமையற்றவர் மாற்றாமல் காப்பது எவ்வாறு என்பதும் அவர் படிக்கும் பாடமே.

அப்பாடத்தில் ஆசிரியர் தேர்வு வாரியமே தவறியது. 1,058 பணியிடங்களுக்காக 2017 செப்டம்பர் 16 அன்று நடந்த தேர்வில் 196 பேரின் மதிப்பெண்கள் திருத்தப்பட்டமை வெளிப்பட்டது. 2018 பிப்ரவரியில் தேர்வு முழுவதும் இரத்தாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு அது. மறுதேர்வு 2021 டிசம்பரில்தான் கணினிவழியில் நடந்தது. நேர்மையாக எழுதியவருக்கும் நான்காண்டுக் காத்திருப்பு! (கொரோனாவின் பங்கும் அதில் உண்டு, முழுப் பழியையும் அதன்மேல் சுமத்த இயலாது.) அதற்குள் பலர் வேறு வேலை தேடிக்கொண்டனர், அவர்களை எவரும் கணக்கிடவில்லை.

கணினிவழித் தேர்வு வந்தமையாலேயே குறை நீங்கிற்று என்பது ஏற்கத்தக்கதன்று. தாள்வழித் தேர்வில் மதிப்பெண்ணைத் திருத்தியவர் கணினிவழித் தேர்விலும் திருத்தலாம். தேர்வர் அளித்த விடைகளின் படியை அன்று மாலையே அவரிடம் ஒப்படைக்க வேண்டும். மதிப்பெண் கோப்பை யார், எப்போது திறந்தார் என்னும் பதிவு வாரியத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பின் பொறுப்பில் இருக்க வேண்டும்.