ஜாமீன் கையெழுத்து யார் போடுவது?

போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு தம்பி கைபேசியில் ஒரு படம் காட்டினார். அமெரிக்காவில் ஒரு கார் ஓடுகிறது. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. "பாத்தீங்களா சார், காரே தானா ஓடுது. நாம இன்னும் வால்வு திருப்ப ராத்திரி எழுந்து போய்க்கிட்டிருக்கோம்" என்றார்.

அவர் கையில் ஒரு விலைப்பட்டியலும் இருந்தது. சென்சார், தானியங்கி வால்வு, செயலி எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் லட்சம். 'தோட்டத்துக்கே போக வேண்டாம், எல்லாம் தானாக நடக்கும்' என்று போட்டிருந்தது. வீட்டு நகையை வைத்து வாங்கிடலாம்னு நினைப்பு. அன்றைக்கு அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கார் கதையைப் பார்ப்போம். இப்போது தயாராகும் எல்லா வண்டியிலும் முழுதாகத் தானே ஓடுவதற்கு வேண்டிய கருவிகள் இருக்கின்றன என்று 2016 அக்டோபரில் டெஸ்லா அறிவித்தது. 'அடுத்த வருஷம் பத்து லட்சத்துக்கும் மேல் ஆளில்லா டாக்சி' என்று 2019-ல் அதன் தலைவர் எலான் மஸ்க் சொன்னார். அந்த அடுத்த வருஷம் வந்தது, போனது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் டாக்சி தொடங்கியது 2025 ஜூனில். அதுவும் பத்து இருபது வண்டிகளோடு, முன்சீட்டில் ஒரு கம்பெனி ஆளை உட்கார வைத்து. இதற்கு நடுவில் 'முழுத் தானோட்டம்' என்ற மென்பொருளின் விலை 2022-ல் 15,000 டாலர் வரை ஏறியது. 2024-ல் அந்தப் பெயரோடு 'மேற்பார்வையுடன்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். 2019 முதல் வண்டியில் வைத்துக் கொடுத்த கணினி போதாது, பணம் கட்டியவர்களுக்கு மாற்றித்தர வேண்டியிருக்கும் என்று 2025 ஜனவரியில் மஸ்க்கே ஒப்புக்கொண்டார்.

'மேற்பார்வையுடன்' என்றால் என்ன? கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காதே, எந்த நேரமும் பிடிக்கத் தயாராய் இரு என்று அர்த்தம். இந்த வண்டிகளை 0 முதல் 5 வரை ஆறு படியாகப் பிரிக்கிறார்கள். இது இரண்டாம் படி. அந்தப் படியில் ஓட்டுநர் இன்னும் நீங்கள்தான். இடித்தால் பொறுப்பும் உங்கள் தலையில். வேலையே இல்லாமல் விழித்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தவர்களுக்குத் தெரியும். பத்து நாள் பன்றி வரவில்லை என்றால் பதினோராம் நாள் கண் அசந்துவிடும். இதே டெஸ்லாவின் ஆட்டோபைலட் வசதியில், ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு போதவில்லை என்றுதான் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 20 லட்சம் வண்டிகளுக்கு மேல் திருத்தம் செய்ய வேண்டி வந்தது.

எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பீனிக்ஸ் நகரில் வேமோ கம்பெனி 2020 முதல் ஓட்டுநரே இல்லாத டாக்சியைப் பொதுமக்களுக்கு ஓட்டுகிறது. ஆனால் முன்கூட்டியே அளந்து வைத்த பகுதிக்குள் மட்டும். நம்ம ஊரில் வண்டிக்காரர் தூங்கிப் போனாலும் மாடு வீடு வந்து சேரும். பழகிய தடத்தில்தான் சேரும். அதை வைத்து எந்த ஊருக்கும் தானா போகும்னு சந்தையில் சொல்லி மாட்டை விற்கலாமா? பென்ஸ் கம்பெனி ஜெர்மனியில் மூன்றாம் படிக்கு அனுமதி வாங்கியபோது, நெடுஞ்சாலை நெரிசலில் 60 கிலோமீட்டர் வேகம் வரை என்று எல்லை போட்டது. அந்த எல்லைக்குள் கருவி தப்புப் பண்ணினால் பொறுப்பு எங்களுடையது என்றும் சொன்னது. சின்ன வாக்குறுதிதான், ஆனால் ஜாமீன் கையெழுத்து இருக்கிறது.

முப்பத்தோரு வருஷம் வங்கியில் நான் கற்ற பாடம் இது ஒன்றுதான். கடன் கேட்பவர் பேச்சு எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், கடைசியில் பத்திரத்தில் யார் கையெழுத்து என்று பார்க்க வேண்டும். பெரிய எழுத்தில் 'தானாக நடக்கும்', பொடி எழுத்தில் 'பொறுப்பு உங்களுடையது' என்று இருந்தால், நம்ப வேண்டியது பொடி எழுத்தைத்தான். அதை எழுதியது கம்பெனியின் வக்கீல். நஷ்டம் எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும்.

என் கிணற்றிலும் மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறது. போன் போட்டால் மோட்டார் ஓடும், நிற்கும். அவ்வளவுதான் சொன்னார்கள், அதைச் செய்கிறது. நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை. இலை சுருண்டிருக்கிறதா, மண்ணில் புழு இருக்கிறதா என்று பார்க்க நான்தான் வரப்பில் நடக்கிறேன்.

தம்பியிடம் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். இது தானாகச் செய்வது எது, செய்யாதது எது? எந்த மண்ணில், எவ்வளவு பரப்பில், எத்தனை பருவம் ஓட்டிப் பார்த்தீர்கள்? வால்வு திறக்காமல் பயிர் காய்ந்தால் நஷ்டத்தை யார் கொடுப்பது? மூன்றுக்கும் பதிலை பில்லிலேயே எழுதிக் கேளுங்க, அதுவரை நகை பீரோவில் இருக்கட்டும் என்றேன்.

கேட்டிருக்கிறார். 'தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம்' என்றார்களாம். மூன்று வாரம் ஆகிறது.