விடை தெரிஞ்சவருக்கு எல்லாமே ஈஸி!

புதிர் போடுற ஆசை இருக்கா? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான்!

ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையை ஆறே வாய்ப்பில் கண்டுபிடிக்கிற 'வேர்டில்' ஆடியிருப்பீங்க. உருவாக்கியவர் ஜோஷ் வார்டில். முதலில் அவர் கையில் இருந்தது சுமார் 12,000 வார்த்தைகள். பல, யாருமே கேள்விப்படாத ரகம்! அவருடைய வாழ்க்கைத் துணை பாலக் ஷா உட்கார்ந்து 'தெரியும், தெரியாது'னு பிரிச்சார். மிஞ்சினது சுமார் 2,500.

அடுத்து, நியூஸிலாந்து ரசிகர்கள் விடையைச் சொல்லாம, தங்கள் ஆட்டத்தை வெறும் கலர் கட்டங்களா ட்விட்டரில் போட்டாங்க. அதைக் கவனிச்ச வார்டில், 2021 டிசம்பரில் அந்த வசதியை கேமுக்குள்ளேயே வெச்சார். 2021 நவம்பர் 1-ல் 90 பேர் ஆடினது. 2022 ஜனவரி 2-ல் மூணு லட்சத்தைத் தாண்டிடுச்சு!

விஷயம் இதுதான். விடை தெரிஞ்ச உங்களுக்கு உங்க புதிர் கஷ்டமாவே தெரியாது. அதனால நாலு நண்பர்கள்கிட்ட கொடுங்க. விளக்கம் சொல்லாம வாயை மூடிக்கிட்டு பக்கத்துல உட்காருங்க. 'சூப்பர் மச்சி!'ங்கிற பாராட்டை விடுங்க. எந்த க்ளூவில் நெற்றி சுருங்குதோ, அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கு!