இடைக்கல்

கொஸ்லந்தையில் வாழும் எம்மவருள் நீலகிரியில் உறவில்லாதார் சிலரே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தபோது, என் தாய்மாமன் அந்தப் பக்கத்துக் கணக்கில் விழுந்தார். தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்திலே, சேரம்பாடியில் அவருக்கு வேலை கிடைத்தது. சென்ற விடுமுறையில் அவர் மகனைக் காணச் சென்றிருந்தேன். "எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு, எழுத்துக்கு முந்தியதைக் காட்டுகிறேன், வா மச்சான்" என்று அவன் என்னை எல்லைக்கு அப்பால், வயநாட்டு எடக்கல்லுக்கு அழைத்துச் சென்றான்.

மலையாளத்தார் எடக்கல் என்பது நம் இடைக்கல்லே. அம்புகுத்தி மலையில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், பெரும்பாறையொன்று பிளந்து நிற்கின்றது. மேலிருந்து வீழ்ந்த மற்றொரு கல் அப்பிளவின் இடையே செருகிக் கூரையாயிற்று. குகை என்றே எல்லாரும் எழுதுகின்றனர். உண்மையில் அது கூரையிட்ட பிளவு. பெயரிட்டவன் இதைச் சரியாகவே கண்டிருக்கிறான். இலவனும் குசனும் எய்த அம்பு குத்திய மலை என்பது ஊரார் கதை. மலபாரில் பொலிஸ் அதிகாரியாயிருந்த பாசெட் என்னும் ஆங்கிலேயர் 1890களில் இதனைக் கண்டு, 1901இல் ஆய்வுக்கட்டுரை எழுதி உலகறியச் செய்தார்.

படிகள் ஏறி மூச்சிரைக்க உள்ளே நுழைந்தால், முதலில் ஒன்றும் தெரிவதில்லை. மேலிருந்து விழும் வெளிச்சத்துக்குக் கண் பழகிய பின்னரே சுவர் உயிர்பெறுகின்றது. தலைமயிர் விரிந்தெழுந்தாற்போல ஒரு மனித உருவம். முடியணி என்பாரும் உளர். அதனருகே சக்கரங்கள், விலங்குகள், குறுக்குக் கோடிட்ட சதுரங்கள். ஒருவன் கீறிய கோட்டின்மேல் மற்றொருவன் கீறியிருக்கிறான். புதிய கற்காலத்தவை என்பது அறிஞர் பலரின் துணிபு. கோட்டின் பள்ளத்தில் விரல் வைக்கத் துடித்தது, காவலர் விடவில்லை. அவர் செய்ததே சரி.

அங்கே பிற்காலத்துத் தமிழ்ப் பிராமி எழுத்துக்களும் உள. ஓரிடத்தில் 'சேர' என்னும் சொல்லை ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். அது எழுத்து, படிக்கலாம், வாதிடலாம். உருவங்களின் செய்தி வேறு. கலத்தோடு நிற்கும் உருவமொன்றைச் சிந்துவெளிக் குறியோடு இராகவ வாரியர் 2009இல் ஒப்பிட்டார். அறிஞர் ஒப்பிடுதல் தகும். ஆயின், எம்மோடு படியேறி வந்த அன்பர் ஒருவர், "சந்தேகமென்ன, நம் முன்னோர் கைவேலை" என்று உரிமைப் பத்திரமே எழுதிவிட்டார். அதனை நான் ஏற்கேன். தமிழென்றும் மலையாளமென்றும் பெயர்கள் தோன்றுமுன்னரே அக்கோடுகளைக் கீறிய கைகள் ஓய்ந்துவிட்டன.

பழமைப் பற்று குற்றமன்று. பல்லாயிரம் ஆண்டுக் கோட்டுக்கு உரிமை பேசும் நாம், நம் பாட்டன் அடுக்கிய கல்லை அறியாதிருப்பதே குற்றம். ஊவாவின் சரிவுகளிலே கல்லடுக்கி மண்ணைத் தாங்க வைத்தவர் யார், கான் வெட்டியவர் யார்? துரைமாரின் பெயர்களைத் தோட்டத்துப் பழைய பதிவேடுகளிற் காணலாம். கல் சுமந்தவர் பெயர் எங்கே?

அந்தப் பிளவினுள் நின்றபோது எனக்கு மீரியபெத்தை நினைவே வந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, மலை சரிந்து லயன்களை மனிதரோடு மூடியது. பின்னர் அங்கு சென்றவர்க்கு, "இங்கே கோயில், அங்கே எங்கள் காம்பிரா" என்று விரல்தான் காட்ட முடிந்தது. விரல் காட்டிய இடத்தில் மண்ணே இருந்தது. எடக்கல் உள்ள அதே வயநாட்டிலும் 2024 யூலை 30 விடியுமுன் முண்டக்கையும் சூரல்மலையும் அவ்வாறே போயின. அங்கும் தேயிலை, அங்கும் பாடிகள்.

மண்ணுக்கு உரிமையில்லாதவன் கல்லிலே பெயர் வெட்டுவதில்லை. எம்மவர் வெட்டியது பாத்திரத்தில். புறப்படச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகலாமல்லவா? ஆகவே, ஊர் திரும்பியதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டிலுள்ள பெயர் வெட்டிய பாத்திரங்களைக் கொண்டுவரச் சொன்னேன். "இதெல்லாம் வரலாறா, பண்டிதரே?" என்று நண்பரொருவர் சிரித்தார். சோதனைக்கு வராது என்பதும் அவர் கட்சி. வராதுதான். ஆயினும் லயன்கள் இடிபடுமுன், அல்லது புதையுமுன், தோட்டந்தோறும் இவ்வெழுத்துக்களைப் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. இதற்கு அகழ்வாராய்ச்சித் திணைக்களம் வரவேண்டியதில்லை. தாளும் பென்சிலும் போதும்.

மீரியபெத்தையிலிருந்து பெயர்ந்த குடும்பத்துச் சிறுமியொருத்தி பித்தளைச் செம்பொன்று கொண்டுவந்தாள். சேற்றிலிருந்து தோண்டியெடுத்ததாம். தாளை ஒற்றிப் பென்சிலால் உரைத்தோம். 'துறையூர்' என்பது தெளிவாக எழுந்தது. அதற்கு முன்னிருந்த இரண்டெழுத்துக்களுள் ஒன்று 'மூ'. மற்றது 'க'வா 'சு'வா என்று வகுப்பே கூடிப் பார்த்தும் துணிய முடியவில்லை. பாட்டியைக் கேட்டு வருவதாகச் சொல்லி, அவள் செம்பைத் துணியிற் சுற்றி எடுத்துச் சென்றாள்.