நகலைத் திருப்புங்கள்

லுக்குட் தோட்டப்புறத்து லயன் வீடுகளையும் மூத்தோரையும் மாணவர்கள் படமெடுத்து வருகின்றனர். கைப்பேசியில் நிமிர்ந்து நின்ற பாட்டி, வீட்டின் பழைய கணினியில் படுத்துக் கிடக்கிறார்! படத்தில் குறையில்லை. கருவியைச் செங்குத்தாகப் பிடித்தாலும் படம் பெரும்பாலும் கிடையாகவே பதிவாகிறது. எப்பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்னும் குறிப்பு எக்ஸிஃப் தகவலில் சேர்கிறது. விண்டோஸ் 7-இன் படக்காட்டி அக்குறிப்பைப் பொருட்படுத்துவதில்லை. விண்டோஸ் 8 முதல் இக்குறை நீங்கியது.

உடனே படத்தைத் திருப்பி அதன்மேலேயே சேமித்துவிடுகிறோம். இவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று. பல செயலிகள் ஜேபெக் படத்தை மீண்டும் சுருக்கியே சேமிக்கின்றன. ஒவ்வொரு முறையும் தெளிவு சிறிது தேய்கிறது. லயன் வீடு இடிந்தபின் வேறு படம் ஏது? ஆசிரியர்களே, பெற்றோர்களே, மூலப்படத்தைத் தொடாமல் நகலைத் திருப்புங்கள். இர்ஃபான்வியூ செயலியில் தரம் குன்றாமல் திருப்பும் வசதியும் உண்டு. அதற்குரிய செருகுநிரலையும் நிறுவிக்கொள்ள வேண்டும்.