சுவரில்லாக் கூத்து
1916-ஆம் ஆண்டு பெப்ரவரி 5-ஆந் திகதி, ஸூரிச் நகரில் ஹ்யூகோ பால் என்பார் ‘கபரே வோல்டேர்’ என்னும் கலையரங்கைத் திறந்தார். பொருளற்ற ஒலிகளையே கவிதையெனப் படித்தும் காட்டினார். மேடைக்கும் சபைக்கும் நடுவே நின்ற சுவரைத் தகர்த்தவரென்று ‘டாடா’ இயக்கத்தாரை உலகம் போற்றுகிறது.

போற்றட்டும்! நம் சப்பிரகமுவத் தோட்டங்களில் அச்சுவரை எழுப்பியவர் எவர்? மாசியில் காமன் கம்பம் ஊன்றியதும், பகலில் இறப்பர்ப் பால் வெட்டிய கரமே இரவில் மன்மதனின் கரும்புவில்லை ஏந்துகிறது. தப்பு முழங்குகிறது. மன்மதன் எரிந்ததும் ரதியோடு சேர்ந்து லயத்தாரும் கண் கலங்குகின்றனர். அவர்களுள் பார்ப்போர் யார், நடிப்போர் யார் என்று பிரித்தறிய நம்மால் இயலாது.

ரதி வேடம் புனைவோரும் ஆடவரே. அவ்விளைஞருட் பலர் இன்று கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கின்றனர். பௌர்ணமிக்கு விடுமுறை ஒரே நாள். கூத்துக்கோ பல இரவுகள் வேண்டும்.